வேறு எவராலும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் மேல்மாடி அறையில் இருந்து சிலர் ஒரு நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் சனம் வீதியில் இறங்கிச் சனாதிபதியை ஓட ஓடத் துரத்திய பிறகு, பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதவேண்டும் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் யோசனை அனுப்பலாம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் கிழக்கு லண்டன் தமிழர்கள் கூடி ஒரு குழு அமைத்து, மனித உரிமைகள் பற்றிய அத்தியாயத்தைத் தாங்களே எழுதி அனுப்புவதென்று தீர்மானித்தார்கள்.

"மனித உரிமை எண்டால் என்னெண்டு எங்களைவிட ஆருக்குத் தெரியும்?" என்று முதல் கூட்டத்தில் சபாரத்தினம் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தவநாயகியும் தட்டினாள்.

சபாரத்தினம்தான் தலைவர். குட்மேய்ஸில் வீடு. கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. செத்தவீடோ கலியாணவீடோ, அகதி வழக்கோ, அவர் வந்து முன்னுக்கு நின்றால் காரியம் முடிந்த மாதிரி. தவநாயகி கைப்பிள்ளையோடு லண்டனில் வந்து இறங்கியபோது சட்டத்தரணி பிடித்துக் கொடுத்தவர் அவர். அந்தக் கைப்பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டியபோது தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

கைப்பிள்ளை இப்போது சொலிசிட்டர் கஜந்தினி. குழுவில் சட்டம் படித்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் வாசகங்களை எழுதுவது அவள் வேலை. தவநாயகியைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்து ஓய்வுபெற்ற அவளுக்குச் சட்டம் தெரியாது. அவளுடைய புருசன் குலசிங்கம் மாஸ்டர் காணாமல் போனவர். காணாமல் போனவரின் மனைவி ஒருத்தி குழுவில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு. கூட்டங்களில் அவளை முன்வரிசையில் இருத்துவார்கள். படம் எடுக்கும்போது நடுவில் நிறுத்துவார்கள். அவளும் நின்றாள்.

முழு அத்தியாயத்திலும் அவள் கேட்டுப் போடச் சொன்னவை இரண்டே சொற்கள். 'எந்த ஆளும் அரசினால் வலிந்து காணாமலாக்கப்படலாகாது' என்று கஜந்தினி எழுதியிருந்தாள். அதன் கீழே, காணாமல் போனவரின் உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்றும் இருந்தது. தவநாயகி அதை வாசித்துவிட்டு, "அரசினாலும் வேறு எவராலும் எண்டு போடு பிள்ளை," என்றாள்.

கஜந்தினி தாயைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எழுதினாள்.

கஜந்தினிக்கும் தெரியும். குலசிங்கத்தைக் கொண்டுபோனது அரசு அல்ல. ஊர்ப் பிரசைகள் குழுவின் செயலாளராக இருந்த அவர், ஓர் இயக்கம் பிடித்து வைத்திருந்த வேறு இயக்கத்துப் பெடியன்களை விடச் சொல்லிக் கேட்கப் போனார். ஒருமுறை போனார், பிறகும் போனார். ஒரு நாள் பட்டப்பகலில் இரண்டு பேர் சைக்கிளில் வந்து, "மாஸ்டர், ஒரு கதை கதைக்கவேணும், வாங்கோ," என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. லண்டனுக்கு வந்த பிறகு தவநாயகி அதை வெளியே சொன்னதில்லை. காணாமல் போய்விட்டார் என்பாள். கேட்பவர்கள் அரச இராணுவம், ஆமிதான் என்று தாங்களே நினைத்துக்கொள்வார்கள். அவளும் விட்டுவிடுவாள்.

அந்த இரண்டு சொற்களும் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. பிறகு வீடு விற்கும் டிலுக்சன் எழும்பினான்.

"வேறு எவரும் எண்டால் ஆர்? ஆரைச் சொல்லுறியள்?"

"ஆரெண்டாலும்தான்," என்றாள் தவநாயகி.

"அக்கா, நாங்கள் எழுதுறது எங்களை அழிச்சவனுக்கு எதிரான சட்டம். இதை வாசிச்சுப்போட்டு, இவையளே தங்கட ஆக்களில குற்றம் இருக்கெண்டு எழுதியிருக்கினம் எண்டு அவன் சிரிப்பான். செத்துப்போன இயக்கப் பெடியளை நீங்கள் கூண்டில ஏத்துறியள்."

"என்ர மனுசனைக் கொண்டுபோனவை எல்லாரும் சாகேல்லைத் தம்பி."

அறையில் இரைச்சல் எழும்பியது. சபாரத்தினம் கையை உயர்த்தினார். "தங்கச்சியின்ர மனவேதனையை மதிக்கவேணும். அடுத்த கிழமை முடிவெடுப்பம்," என்றார்.

கூட்டம் முடிந்தால் அவர்தான் அவளைக் காரில் ஏற்றிப்போய் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள அவளுடைய வீட்டில் இறக்கிவிடுவார். அன்றும் ஏற்றினார். வழியெல்லாம் வேறு கதை கதைத்துக்கொண்டு வந்தவர், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, "அந்த ரெண்டு சொல்லையும் விட்டுடுங்கோ தங்கச்சி," என்றார்.

"ஏன் அண்ணை?"

"மாஸ்டருக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும்."

பச்சை விழுந்தது. அவர் காரை எடுத்தார். இந்த மனிதர் அந்தக் காலத்தில் ஊரில் இல்லை, மன்னாரில் இருந்ததாகத்தான் எப்போதும் சொல்லியிருக்கிறார்.

"நீங்கள் மன்னாரில..."

"மன்னாருக்குப் பிறகுதான் போனனான்." கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் சொன்னார். "வேற ஆர் எடுக்கச் சொன்னாலும் கதை வரும். நீங்களே எழும்பி வேண்டாம் எண்டு சொன்னால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். சொல்லுங்கோ, நான் எல்லாத்தையும் சொல்லுறன். ஒண்டும் ஒளிக்கமாட்டன்."

"நான் விடாட்டில்?"

"எனக்கு நெஞ்சில ரெண்டு தரம் ஒப்பரேஷன் செய்தாச்சு. என்னோட இருந்தவை ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லை." வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். "யோசியுங்கோ. அவசரம் இல்லை."

இறங்கும்போது அவளுக்குக் கதவைத் திறக்க வரவில்லை. அவர் எட்டித் திறந்துவிட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் தவநாயகி வீட்டைக் கழுவினாள். கழுவிய இடத்தையே திரும்பக் கழுவினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து தன் மேசையில் இருந்து சாப்பிட்ட மனிதர். அவளுடைய நெற்றியில் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு, அது இருக்கவேண்டுமா இல்லையா என்று தெரிந்துகொண்டே, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடுங்கோ தங்கச்சி என்று கேட்ட மனிதர். அவரை மகளிடம் காட்டிக்கொடுக்கலாம். காட்டிக்கொடுத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். மூடினால் இனி ஒருவரிடமும் கேட்க முடியாது. இரண்டு சொற்கள்தானே என்று ஒரு நேரம் நினைப்பாள். எங்கேயோ கொழும்பில் ஒருவன் வாசிப்பானோ மாட்டானோ என்று இருக்கிற தாளில் இரண்டு சொற்கள். மற்ற நேரம், அந்த இரண்டு சொற்களைத் தவிரத் தன் புருசனுக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று தோன்றும்.

அடுத்த ஞாயிறு அவள் எழுந்து நின்று, "அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ. நான் வற்புறுத்தேல்லை," என்றாள்.

டிலுக்சன் கைதட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கஜந்தினி மட்டும் மடிக்கணினிக்கு மேலால் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, என்ன இது? நான் முழுக் கிழமையும் இதுக்காக எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான்."

"எடு பிள்ளை."

"Why?"

தவநாயகி தன் கதிரையில் இருந்துவிட்டாள். கஜந்தினி அந்தச் சொற்களை அழித்தாள். விசையைத் தட்டிய சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது.

சொன்ன சொல்லைச் சபாரத்தினம் காப்பாற்றினார். மறுநாள் பின்னேரம் குட்மேய்ஸில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய மனைவி நகுலேஸ்வரி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். அவள் குசினிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, அகதி வழக்கு ஒன்றை விளக்குவது போன்ற அதே குரலில் அவர் சொல்லத் தொடங்கினார்.

மாஸ்டரை விசாரித்தது அவர்தான். அடிக்கவில்லை, அடித்தது வேறு ஆட்கள். பிரசைகள் குழுவுக்குப் பின்னால் யார் என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை, பெற்றதுகள் வந்து அழுகுதுகள், அதனால் கேட்டேன் என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. அடி கூடிவிட்டது. அடுத்த நாள் விடியமுன்னமே முடிந்துவிட்டது. நல்லூர்க் கோயில் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள்.

"அடுத்த நாளா?" என்று தவநாயகி கேட்டாள்.

"ஓம்."

"நான் எட்டு மாதம் சாப்பாடு கொண்டுவந்தனான்."

"தெரியும்."

அந்த நாட்களில் இயக்க முகாம் வாசலில் நிற்கும் பெடியனிடம் ஒவ்வொரு நாளும் பார்சலைக் கொடுப்பாள். அவன் உள்ளே கொண்டுபோவான். மறுநாள் கழுவிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பான். மாஸ்டர் நல்லா இருக்கிறார், நாளைக்கு மீன்குழம்பு கேட்டவர் என்பான். அதை நம்பி, ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள் கடற்கரைக்கு ஓடி மீன் வாங்கி வந்தாள்.

"ஆர் சாப்பிட்டது?"

சபாரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "உள்ளுக்கு இருந்த எல்லாரும்தான். எங்களுக்கும் அப்ப சாப்பாடு சரியில்லை." கொஞ்சம் பொறுத்து, "நல்ல கைப்பக்குவம் தங்கச்சி உங்களுக்கு. லண்டனில முதல் தரம் உங்கட வீட்டில சாப்பிட்ட அண்டைக்கு எனக்கு ருசி பிடிபட்டது," என்றார்.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தே சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"எங்க தாட்டனீங்கள்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு பாழ்கிணறு. பிறகு ஆமி வந்து அந்த இடத்தைப் புல்டோசரால வழிச்சுப்போட்டான். இப்ப இடம் எண்டு ஒண்டும் இல்லை."

நிமிர்ந்தபோது குசினி வாசலில் நகுலேஸ்வரி நின்றாள். கையில் இருந்த தட்டம் சரிந்து, அதிலிருந்த வடை ஒன்று நிலத்தில் விழுந்திருந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

வரைவை நிறைவேற்றும் கடைசிக் கூட்டத்துக்கு ஆட்கள் குடும்பங்களோடு வந்திருந்தார்கள். கீழ் மண்டபத்தில் கதிரை போதாமல் சிலர் சுவரோடு நின்றார்கள். ஏதும் சொல்லவேண்டியவர்கள் சொல்லலாம் என்று சபாரத்தினம் ஒலிவாங்கியில் கேட்டார். தவநாயகி எழுந்தாள். காணாமல் போனவரின் மனைவி என்பதால் உடனே வழி விட்டார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கேட்டதை எல்லாம் கேட்ட ஒழுங்கிலேயே சொன்னாள். விசாரித்தது யார் என்று சொன்னாள். பார்சலைச் சொன்னாள், கிணற்றைச் சொன்னாள். கடைசியாக, "நான் எடுக்கச் சொன்ன சொல்லைத் திருப்பிப் போடுங்கோ," என்றாள்.

ஒரு குழந்தை அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு யாரோ வெளியே போனார்கள்.

சபாரத்தினம் எழும்பி வந்து அவள் தோளில் மெல்லக் கையை வைத்தார். "கன காலமாத் தங்கச்சிக்கு மனம் சரியில்லை," என்று மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார். "எங்கட சனத்துக்கு என்னென்ன கொடுமை செய்திருக்கிறாங்கள் எண்டதுக்கு இதைவிட ஒரு சாட்சி வேணுமோ? ஒருத்தரும் அவவில கோவிக்காதேங்கோ."

"கையை எடு!" என்று கத்தினாள் தவநாயகி. வாழ்நாளில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினாள். அந்த ஒருமைதான் மண்டபத்தை அவர் பக்கம் சாய்த்தது. பெண்கள் சூள்கொட்டினார்கள். "முப்பது வருசமாப் பார்த்த மனுசனுக்கு இப்பிடியே?" என்று ஒரு குரல் வந்தது. "ஆஸ்பத்திரியில காட்டவேணும்," என்றது இன்னொன்று.

"நகுலா இருந்தவ. நகுலாவுக்குக் கேட்டது. கேட்டுப் பாருங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த நகுலேஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். புருசனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நான் குசினிக்குள்ள நிண்டனான். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றாள்.

தவநாயகி மகளைத் தேடினாள். மேடை ஓரத்தில், வரைவுப் பிரதிகளை அடுக்கி வைத்த மேசைக்குப் பின்னால் கஜந்தினி நின்றாள். தன் தகப்பன் எப்படிச் செத்தார் என்பதை ஊரோடு சேர்ந்து அப்போதுதான் கேட்டவள் அவள். அது தவநாயகிக்கு அந்த முகத்தைக் கண்ட பிறகுதான் உறைத்தது.

வாக்கெடுப்பு நடந்தது. சொல்லைத் திருப்பிப் போடவேண்டும் என்பதற்குத் தவநாயகியும் கஜந்தினியும் கை தூக்கினார்கள். வேறு கை எழும்பவில்லை. முடிவை வாசிக்கவேண்டியது குழுவின் சட்ட ஆலோசகர் வேலை. கஜந்தினி வாசித்தாள். பிறகு எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுக்கப் போனார்கள். யாரோ தவநாயகிக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து, நோயாளிக்குக் கொடுப்பது போலக் கையில் பிடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குக் கஜந்தினிதான் காரை ஓட்டிக்கொண்டு போனாள். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"போன கிழமை."

"ஒரு கிழமை. ஒவ்வொரு நாளும் என்னோட போனில கதைச்சனீங்கள். என்ன சமைச்சனி எண்டு கேட்டனீங்கள். எனக்கு முதல் சொல்ல உங்களுக்கு ஒரு நாள் கிடைக்கேல்லையா?"

"உனக்குச் சொன்னால் நீ ஆதாரம் கேட்பாய். சட்டம் சொல்லுவாய். என்னைக் கதைக்க விடமாட்டாய் எண்டு பயந்தனான்."

"ஓம், கேட்டிருப்பன். பதிஞ்சு எடுத்திருப்பன். அவனைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பன். இப்ப அவன் எல்லாருக்கும் முன்னால, பைத்தியத்தை மன்னிச்ச பெரிய மனுசன். நீங்கள் அந்தச் சொல்லை வித்து அப்பாவை வாங்கினீங்கள். பிறகு ரெண்டும் வேணும் எண்டு நினைச்சீங்கள்."

"ஓம்," என்றாள் தவநாயகி. "ரெண்டும் வேணும் எண்டுதான் நினைச்சனான்."

கஜந்தினி காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். தாய் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். பிறகு அதே கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

வரைவு கொழும்புக்குப் போனது. கிடைத்தது, நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கஜந்தினி அந்த இரண்டு சொற்களோடு தன் பெயரில் தனியாக ஒன்று அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. அவளிடம் வழக்குக் கொண்டுவரும் தமிழர்கள் குறைந்தார்கள். பலசரக்குக் கடையில் தவநாயகியைக் கண்டால் ஆட்கள் அடுத்த வரிசைக்குள் போய் நின்றார்கள்.

ஆனால் அவள் கையில் இப்போது ஒரு நாள் இருந்தது. ஐயரிடம் போய், நல்லூர்த் தேருக்கு மறுநாள் என்று சொன்னாள். அவர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்துத் திதி சொன்னார். உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்றார். மகன் இல்லையா என்று கேட்டுவிட்டு, மகளே செய்யட்டும் என்று ஒருவாறு ஒத்துக்கொண்டார்.

குட்மேய்ஸ் மண்டபத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். கிரியை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சபாரத்தினம் வெள்ளை வேட்டியோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, முன்வரிசையில், உரித்துக்காரர் இருக்கும் இடத்தில் இருந்தார். வராமல் விட்டிருந்தால் ஊர் யோசித்திருக்கும். வந்ததைக் கண்டு ஊருக்கு மனம் நிறைந்துவிட்டது. "பார், எவ்வளவு பெருந்தன்மை," என்று பின்னால் யாரோ சொன்னது தவநாயகிக்குக் கேட்டது.

கஜந்தினி தர்ப்பை மோதிரத்தை விரலில் போட்டபடி திரும்பிப் பார்த்தாள். "அவர் எழும்பிப் போனால்தான் நான் தொடங்குவன்," என்றாள்.

ஐயர் சங்கடப்பட்டார். "பிள்ளை, செத்தவீட்டுக்கு வந்தவையை..."

"அவர் போகட்டும்."

சபாரத்தினம் அசையவில்லை. கண்ணை மூடி, தேவாரம் கேட்பவரைப் போல இருந்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. கற்பூரத் தட்டைப் பிடித்திருந்த உதவியாளர் அதைக் கீழே வைத்தார்.

நகுலேஸ்வரிதான் முதலில் எழும்பினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். தவநாயகியின் முன்னால் வந்து நின்றாள். திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். "நகுலா," என்று சபாரத்தினம் கூப்பிட்டார். அவர் குரல் உயர்ந்ததை ஊர் அன்றுதான் கேட்டது. அவள் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரும் எழும்பினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக நடந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் டிலுக்சன் போனான். பிறகு ஒவ்வொரு குடும்பமாக எழும்பியது. மண்டபத்தில் பாதிக்கு மேல் காலியாகும்வரை தாயும் மகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்கள் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தார்கள்.

"இறந்தவரின்ர பேர்?" என்று ஐயர் கேட்டார்.

"குலசிங்கம்," என்றாள் தவநாயகி. "தொடங்குங்கோ ஐயா."